உலர்ந்த மதுவும் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கும்

நீர்மப் பொருள் ஒன்றை ‘உலர்ந்தது’ என்று எவரேனும் கூறினால், அவர் விளையாட்டாகப் பேசுகிறார் என்றோ, மொழியறியாது பேசுகிறார் என்றோதான் நாம் எண்ணுவோம். 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே, ஜேர்மனியில் வாழும் என் தமையனார் மகனின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்த போத்தலொன்றின் சுற்றுத்தாளை வாசித்தபோது என் நிலையும் அதுவே. ‘ஷ்பேற்புர்குண்டர் – ட்றொக்கன்’ என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. முன்னையது முந்திரிகை இனத்தின் பெயர் என்றும், பின்னையதற்கு ‘உலர்ந்தது’ என்று பொருள் என்றும் அவன் விளக்கினான்.

“உலர்ந்ததெண்டால் போத்தலுக்குள்ளை கிடக்கிறது என்னடா?” என்று கேட்டேன்.

“இனிப்பு வற்றினது எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, சித்தப்பா” என்றான்.

வாசகர்களுக்கு முதலிலேயே ஒன்றைக் கூறிவிட வேண்டும். நான் மது அருந்தும் பழக்கம் உள்ளவன் அல்லேன். முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்திற் படிப்பித்தவன். உழைத்த கூலி முழுவதையும் தவறணையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய தகப்பன்மாரின் பிள்ளைகள், பசித்த முகத்தோடு என் முன்னால் அமர்ந்திருந்ததைக் கண்டவன். உடல்நலத்திற்குத் தீங்கு செய்யாத அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையையும் அறிந்தவன். ஆகவே, எவரையும் குடிக்கத் தூண்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு சொல்லின் பொருளைத் தேடிப் புறப்பட்டேன்; அச்சொல்லின் பின்னால் ஒரு நிலமும், அந்நிலத்தின் சமையலும், அவ்வூர் மக்களின் பெருந்துயரும் இருக்கக் கண்டேன். அவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

இனிப்பு வற்றிய கதை

முந்திரிகைப் பழத்தைப் பிழிந்தெடுத்த சாறு இனிப்பானது. நொதியம் அச்சாற்றிலுள்ள வெல்லத்தை உண்டு, அதனை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகின்றது. நம் பனையின் இனிய சாறு கள்ளாகும்போது நிகழ்வதும் இதுவே. இடைநடுவில் நொதித்தலை நிறுத்திவிட்டால் மதுவில் இனிப்பு எஞ்சும். வெல்லம் ஏறக்குறைய முழுவதும் தீரும்வரை விட்டுவிட்டால், எஞ்சுவது இனிப்பற்ற மது. அதுவே ‘உலர்ந்தது’. ஐரோப்பியச் சட்டப்படி, ஒரு லீற்றரில் 4 கிராமுக்கு மேற்படாத வெல்லம் உள்ள மதுவுக்கே அப்பெயர் இடலாம். மதுவில் அமிலம் போதிய அளவு இருப்பின் 9 கிராம்வரை இடமுண்டு. 4 கிராம் என்பது ஒரு தேக்கரண்டிச் சீனி. ஒரு லீற்றர் தேநீரில் அதனைக் கரைத்துக் கொடுத்தால், நம் வீட்டு முதியவர்கள் சீனி போட மறந்துவிட்டாயா என்று கேட்பார்கள்.

சிவப்பு நிறத்தின் வரலாறும் அறியத்தக்கது. கறுத்த முந்திரிகையின் தோலை நீக்கிப் பிழிந்தால், பெரும்பாலான இனங்களில் வருவது நிறமற்ற சாறே. நிறம் தோலில் இருக்கின்றது. தோலோடும் விதையோடும் சாற்றை ஊறவைத்து நொதிக்கச் செய்யும்போது நிறமும் அதனோடு துவர்ப்பும் இறங்குகின்றன. இந்தத் துவர்ப்பைப் பற்றி மேனாட்டார் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். காரணம், அவர்களுடைய சுவைப் பட்டியலில் அதற்கு இடமில்லை. அதனை நாவின் தொடு உணர்ச்சி என்றே கொள்வர். நமக்கோ அத்தொல்லை இல்லை. அறுசுவையுள் ஒன்றாகத் துவர்ப்பை எண்ணியவர் நம் முன்னோர். பச்சைப் பாக்கையும் வாழைப்பூவையும் மாதுளந்தோலையும் அறிந்த நாவுக்கு உலர்ந்த சிவப்பு மதுவை விளக்க அதிக சொற்கள் வேண்டியதில்லை.

ஷ்பேற்புர்குண்டர் என்பது பிரான்சின் புர்கண்டிப் பிரதேசத்து ‘பினோ நுவார்’ இனமே. ‘பிந்திப் பழுக்கும் புர்கண்டி’ என்பது அப்பெயரின் பொருள். இதன் தோல் மெல்லியது. ஆதலால் நிறமும் துவர்ப்பும் மிதமானவை. செறி, றாஸ்பெரிப் பழங்களின் மணமும், சில ஆண்டுகள் சென்றபின் மழையில் நனைந்த காட்டுச் சருகின் மணமும் இதற்குண்டு என்பர். பிரான்சுக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் அடுத்தபடியாக இவ்வினத்தைப் பெருமளவிற் பயிரிடும் நாடு ஜேர்மனி. அங்கு 11,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தில் இது வளர்கின்றது.

கறியோடு பட்ட பாடு

அன்றிரவு மருமகள் ஆட்டிறைச்சிக் கறி சமைத்திருந்தாள். ஊரிலிருந்து நான் கொண்டுபோன மிளகாய்த்தூள் அதில் தாராளமாக விழுந்திருந்தது. “ஒரு மிடறு குடிச்சுத்தான் பாருங்கோவன், மாமா” என்று அவளே ஊக்கினாள். ஆராய்ச்சி மனப்பான்மையோடு ஒரு மிடறு பருகினேன். வாயில் இருந்த உறைப்பு இருமடங்காயிற்று. மதுவோ புளித்த தண்ணீராகவும் கசப்பாகவும் தோன்றிற்று. கறி மதுவைக் கெடுத்தது. மது கறியைக் கெடுத்தது.

இது என் நாவின் குற்றமன்று. மிளகாயின் எரிவை உணர்த்துகின்ற அதே நரம்பு நுனிகளை மதுசாரமும் தூண்டுகின்றது. ஆகவே இரண்டும் சேர்ந்தால் எரிவு பெருகுமேயன்றித் தணியாது. இனிப்புச் சிறிது எஞ்சிய வெள்ளை மதுவாயின் ஒருவாறு ஒத்துப்போகும். இனிப்பு வற்றிய சிவப்பு மதுவுக்கு நம் கறியோடு உறவில்லை.

“அப்ப இதை எதோடைதான் சாப்பிடுறவை?” என்றேன்.

“தந்த மனிசனிட்டையே கேப்பம்” என்றான் மகன். யார் தந்தார், எதற்காகத் தந்தார் என்பதை அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சிலேட்டுக் கல்லில் விளையும் முந்திரிகை

பொன் என்ற பெயருடைய நகரில் அவன் குடியிருக்கின்றான். அங்கிருந்து தெற்கே சிறிது தூரம் சென்றால், றைன் பேராற்றில் ஒரு சிற்றாறு வந்து கலக்கின்றது. அதன் பெயர் ஆர். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘ஆர்’ என்பது வினாச்சொல். அந்த ஆற்றைப் பொறுத்தவரை அது பொருத்தமான பெயரே. கோடையில் முழங்கால் நனையக் கடக்கத்தக்க அவ்வாற்றைப் பார்த்து ‘நீ ஆர்?’ என்று கேட்கவே தோன்றும்.

ஐஃபெல் மலைப்பகுதியில் பிளாங்கன்ஹைம் என்னும் ஊரிலே ஊற்றெடுத்து, 90 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைய ஓடி, அது றைனை அடைகின்றது. கடைசிப் பகுதியில் இருபுறமும் மலைச்சரிவு. தெற்கு நோக்கிய சரிவுகளில் எல்லாம் முந்திரிகை. இப்பிரதேசம் முழுவதற்கும் சுமார் 560 ஹெக்டேயர் நிலமே உண்டு. ஜேர்மனியின் சிறிய முந்திரிகைப் பிரதேசங்களுள் இதுவும் ஒன்று. எனினும், வெள்ளை மதுவுக்குப் பெயர்போன அந்நாட்டில், ஐந்தில் நான்கு பங்கு நிலத்திற் கறுத்த முந்திரிகையே வளர்க்கும் புதுமை இங்குதான் உண்டு.

நாம் பந்தலிட்டு, அதன் நிழலில் நின்று முந்திரிகைக் குலை கொய்பவர்கள். அங்கே பந்தலும் இல்லை, சமதரையும் இல்லை. கல்லடுக்கிக் கட்டிய படிகளில், நிற்கவே கால் நடுங்கும் சரிவுகளில், கொடிகள் வரிசையாக நிற்கின்றன. உழவு இயந்திரம் ஏற முடியாத இடங்களில் கத்தரிப்பதும் கட்டுவதும் கொய்வதும் மனிதக் கைகளே. சமதரைத் தோட்டத்தைப் பார்க்கிலும் உழைப்பு பல மடங்கு.

வட அகலக்கோடு 50 பாகைக்கு மேற்பட்ட அக்குளிர் நிலத்திற் கறுத்த முந்திரிகை எவ்வாறு பழுக்கின்றது? விடை காலடியில் கிடந்தது. நாங்கள் சிறுவயதில் எழுதிப் பழகிய சிலேட்டு எந்தக் கல்லோ, அதே கல் அங்கு மலையாகக் கிடக்கின்றது. பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்திருக்கும் அக்கருங்கல் இரவில் அச்சூட்டைக் கொடிகளுக்குத் திருப்பிக் கொடுக்கின்றது. ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மாலைப்பொழுதாகியும் அது இளஞ்சூடாகவே இருந்தது.

அம்மக்கள் எளிதில் வாழ்ந்தவர்கள் அல்லர். வறுமையின் காரணமாகவே மைஷோஸ் என்னும் ஊரில் 1868ஆம் ஆண்டிலே 18 செய்கையாளர்கள் ஒன்றுகூடிக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். முந்திரிகைச் செய்கையாளரின் கூட்டுறவுச் சங்கங்களுள் உலகிலேயே பழமையானது தமதே என்று அவ்வூரார் பெருமை கொள்வர். அக்காலத்து மது வெளிறிய சிவப்பு நிறமுடையது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரோ, புளிப்பை மறைப்பதற்காக இனிப்பை எஞ்சவிட்டு, உல்லாசப் பயணிகளுக்கு விற்பதே பெருவழக்காயிற்று. 1980களிலேதான் நிலைமை மாறியது. டேர்னவ் என்னும் ஊரைச் சேர்ந்த வேர்னர் நேக்கல் என்பவர் அம்மாற்றத்தின் முன்னோடிகளுள் ஒருவர். அவர் முன்னர் பள்ளி ஆசிரியராயிருந்தவர் என்று கேட்டபோது, எனக்கு ஓரளவு பெருமையாகவே இருந்தது. விளைச்சலைக் குறைத்துத் தரத்தைக் கூட்டி, சிறிய ஓக் மரப் பீப்பாக்களில் முதிரவைத்து, இனிப்பின் துணையின்றியே அப்பள்ளத்தாக்கின் சிவப்பு மது தலைநிமிரலாம் என்று அவரும் அவரைப் போன்றோரும் காட்டினர்.

எதனோடு உண்பது?

போத்தலைத் தந்த மனிதர் எழுபது வயதைத் தாண்டிய முந்திரிகைச் செய்கையாளர். அவரும் மனைவியாரும் எங்களைத் தங்கள் சமையலறை மேசையிலேயே அமர்த்தினர். என் கேள்வியை மகன் மொழிபெயர்த்தான். கிழவர் சிரித்துக்கொண்டு, கறியோடு குடித்தீர்களா என்று கேட்டார். பின்னர், “இது பசி உள்ள மது. தனியே குடித்தால் முகஞ்சுளிக்கும், சாப்பாடு கொடுத்தால் சிரிக்கும்” என்றார்.

அம்மையார் பரிமாறியது ‘சவர்பிராட்டன்’ என்னும் றைன்லாந்து உணவு. மாட்டிறைச்சியை வினாகிரியிலும் மதுவிலும் வெங்காயம், கராம்பு, மிளகு, யூனிப்பர் காய்கள் என்பவற்றோடு பல நாள் ஊறப்போட்டு, பின்னர் மெல்லிய நெருப்பில் நெடுநேரம் வேகவைப்பர். குழம்பில் முந்திரிகை வற்றல் சேர்ப்பது அப்பகுதி வழக்கம். பக்கத்தில் உருளைக்கிழங்கு உருண்டைகளும், அப்பிள் சேர்த்து அவித்த சிவப்புக் கோவாவும். முற்காலத்தில் இதற்குக் குதிரை இறைச்சியே பயன்பட்டது என்றும் கூறினர். நல்லவேளை, உண்டு முடிந்த பின்னரே கூறினர்.

ஒரு கவளம் இறைச்சி, ஒரு மிடறு மது என்று அவர் காட்டிய முறைப்படியே செய்தேன். முன்னாள் இரவு புளித்த தண்ணீராயிருந்த அதே மது இப்போது மென்மையாயிருந்தது. எனக்கு வியப்பு. காரணத்தைப் பின்னர் எண்ணிப் பார்த்தபோது, அது நம் நாட்டுத் தேநீர்க் கோப்பையிலேயே இருப்பதை உணர்ந்தேன். நெடுநேரம் ஊறிய வெறுந்தேநீர் நாவை இழுத்துப் பிடிக்கும். பால் ஊற்றியதும் அப்பிடி தளர்ந்துவிடும். தேயிலையின் துவர்ப்புப் பொருள் பாலின் புரதத்தோடு பிணைந்துகொள்வதே அதற்குக் காரணம். பால் இல்லாதபோது அது நம் உமிழ்நீரின் புரதத்தைப் பற்றிக்கொள்கின்றது, வாய் வறள்கின்றது. மதுவின் துவர்ப்பும் அத்தகையதே. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் முன்னே வந்து நின்றால் நாவு தப்பிக்கொள்கிறது. மதுவின் புளிப்போ கொழுப்பின் திகட்டலைக் கழுவுகிறது.

இன்னும் சில விதிகளை அவர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். மான், காட்டுப்பன்றி முதலிய வேட்டை இறைச்சிகள் இம்மதுவுக்கு உற்ற தோழர்கள். நவம்பர் 11ஆம் திகதி, புனித மார்ட்டின் திருநாளை ஒட்டி அடுப்பிலிட்டு வாட்டும் வாத்து மிகப் பொருத்தம். இறைச்சி உண்ணாதவர்க்குக் காளான். வெண்ணெயில் வதக்கிய காட்டுக் காளானின் மண்மணமும் முதிர்ந்த ஷ்பேற்புர்குண்டரின் மணமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போன்றவை. துருவிய உருளைக்கிழங்கைச் சட்டியில் அடைத்து வேகவைக்கும் ஐஃபெல் மலைநாட்டுப் பலகாரமும், முதிர்ந்த மலைப் பாற்கட்டியும், கறுத்த பாணும்கூடப் போதும். நெய்மீன் வகைகளோடு கடுந்துவர்ப்பான சிவப்பு மது சேராது. மதுவிலுள்ள இரும்புச் சத்து மீனெண்ணெயோடு கூடி வெடிலை எழுப்புகின்றது என்று 2009இல் யப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர். மெல்லிய துவர்ப்புள்ள இவ்வினமாயின், வாட்டிய சமன் மீனோடு ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இனிப்புப் பண்டத்தோடு ஒருபோதும் வேண்டாம். இனிப்பின் முன்னால் உலர்ந்த மது வெறும் புளிப்பாகிவிடும். அதனாலேயே தம் மனைவியார் குழம்பில் வற்றலைக் குறைத்துப் போட்டார் என்றும் சொன்னார். 16 பாகை அளவு குளிர்ச்சியில் அதனைப் பருகவேண்டும் என்பது கடைசி விதி. ‘அறைச் சூடு’ என்று நூல்களில் எழுதியிருப்பது அவர்களுடைய பழைய கல்வீட்டு அறைகளின் சூடு. கொழும்பு வீட்டு அறையின் 30 பாகை அன்று.

யூலை 14

உண்டபின் நிலவறையைக் காட்ட அழைத்துச் சென்றார். சுவரில் என் தலைக்கு மேலே, கைக்கு எட்டாத உயரத்தில், ஒரு கோடு கிடந்தது. அதற்குக் கீழே 14.7.2021 என்று எழுதியிருந்தது.

அந்நாளில் ஐஃபெல் மலையில் பெய்த மழை, முழங்கால் ஆழமுள்ள அச்சிற்றாற்றை ஒரே இரவில் பேராறாக்கிற்று. ஆல்ரனார் என்னும் ஊரிலுள்ள நீர்மட்ட அளவையில் அதற்கு முன்னர் பதிவான உச்சம், 2016ஆம் ஆண்டின் 3.71 மீற்றர். இம்முறை அளவைக் கருவியையே வெள்ளம் கொண்டுபோயிற்று; ஏறத்தாழ 10 மீற்றர்வரை நீர் உயர்ந்தது என்று பின்னர் கணித்தனர். அப்பள்ளத்தாக்கில் மாத்திரம் 130க்கு மேற்பட்டோர் மாண்டனர். 60க்கு மேற்பட்ட பாலங்கள் அழிந்தோ சிதைந்தோ போயின. மலைச்சரிவிலிருந்த கொடிகள் பெரும்பாலும் தப்பின. ஆற்றோரத்து நிலவறைகளும் பீப்பாக்களும் இயந்திரங்களும் தப்பவில்லை. 1804இலும் 1910இலும் அவ்வாறு பெருவெள்ளம் கண்ட ஆறுதான் அது. மனிதர் மறந்திருந்தனர்.

ஆனால் அந்தப் பழைய வெள்ளங்களோடு மட்டும் இதனை ஒப்பிட்டு அமைதி கொள்ள முடியாது. அன்றைய மழை போன்ற மழைக்கான வாய்ப்பைப் புவி வெப்பமாதல் 1.2 முதல் 9 மடங்குவரை கூட்டியிருக்கின்றது என்று, பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி அதே ஆண்டில் கணித்தனர். காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு மேலதிக நீராவியைத் தாங்கும். கிழவர் இதனை எனக்கு வேறுவிதமாகச் சொன்னார்: “என் தந்தையின் காலத்தில் முந்திரிகை பழுக்குமா என்று அஞ்சினோம். இப்போது ஆண்டுதோறும் பழுக்கின்றது. அதனாலேதான் இனிப்பை விடாமல் நல்ல சிவப்பு மது செய்ய முடிகின்றது. அந்த வெப்பந்தான் என் நிலவறைக்கும் வந்தது.” தம் வாழ்வை உயர்த்தியதும் தாழ்த்தியதும் ஒன்றே என்று அறிந்த மனிதரின் குரலில் கோபம் இல்லை.

வெள்ளம் வடிந்தபின் சேற்றுக்குள் போத்தல்கள் கிடந்தன. தக்கை இறுகியிருந்தமையால் உள்ளிருந்த மது பெரும்பாலும் கெடவில்லை. அவற்றைக் கழுவாமல், சேறு படிந்தபடியே, ‘வெள்ள மது’ என்று பெயரிட்டு நிதிக்காக விற்றனர். 40 இலட்சம் யூரோவுக்கு மேற் சேர்ந்தது. கொய்யும் காலம் நெருங்கியபோது, நாட்டின் ஏனைய முந்திரிகைப் பிரதேசங்களிலிருந்து செய்கையாளர்கள் தம் இயந்திரங்களோடு வந்தனர். முந்திரிகைக் கொடியைத் தொட்டும் அறியாத பல்லாயிரம் பொதுமக்கள் மண்வெட்டியோடு வந்தனர்.

கிழவர் அவ்விடத்திலே நிறுத்தி, என் தமையனார் மகனின் தோளிற் கைவைத்தார். ஜேர்மன் மொழியில் ஏதோ சொன்னார். மகன் மொழிபெயர்க்கவில்லை. நான் வற்புறுத்தியபின், நிலத்தைப் பார்த்தபடி, “ஒண்டுமில்லை சித்தப்பா. அப்ப நானும் ரெண்டு மூண்டு பெடியளும் சேறு அள்ள வந்தனாங்கள். பிறகு சனி, ஞாயிறிலை முந்திரிகை பிடுங்கவும் வந்தனாங்கள். அதைச் சொல்லுறார்” என்றான்.

ஊரில் வீடும் தோட்டமும் இழந்து, பதினேழு வயதில் அந்நாட்டுக்குப் போனவன் அவன். வீட்டுக்குள் நீர் புகுந்தவனின் முகத்தைப் பார்த்து அவனுக்கு எவரும் எதையும் விளக்கவேண்டி இருந்திராது. அந்தச் செயலைப் பற்றி அவன் தொலைபேசியிலும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முந்திய இரவு மேசையில் இருந்த போத்தல் 2021ஆம் ஆண்டு விளைச்சல் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். வெயில் குறைந்த, மெலிந்த ஆண்டு அது. புளிப்புச் சற்று மிகுதி என்று கிழவரே ஒப்புக்கொண்டார். எனினும் அவ்வாண்டின் போத்தல்களை அவர் விற்பதில்லை. கைகொடுத்தவர்களுக்கு ஆண்டுக்கொன்றாகக் கொடுத்து வருகின்றார்.

புறப்படும்போது எனக்கும் ஒன்றைக் கட்டித் தந்தார். நான் குடிப்பதில்லை என்று மகன் சொல்லிப் பார்த்தான். குடிக்கவேண்டியதில்லை, வைத்திருக்கட்டும் என்றார்.

அது இப்பொழுது என் புத்தக அலுமாரியில் அகராதிகளுக்குப் பக்கத்தில் நிற்கின்றது. நம் வீட்டுச் சூட்டில் அது நெடுங்காலம் நல்ல நிலையில் இராது என்பதும் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வரும் பழைய மாணவர்கள் கண்டு திகைத்து, “சேர், நீங்களுமா?” என்று கேட்கின்றார்கள். அவர்களை இருத்தி, சுற்றுத்தாளிலுள்ள அச்சொல்லைக் காட்டி, உலர்ந்த நீர் ஒன்று உண்டா என்று வினவுகின்றேன். பாடம் அங்கிருந்து தொடங்குகின்றது.